அட்டெண்டர் கையெழுத்து

ஸ்ரீராம்புரம், பெங்களூர்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

அனுஷா எழுதுவது. நான் எழுந்து நடமாடுகிறேன். நீங்களும் அத்தையும் சுகமா? அத்தையின் முட்டிவலி இறங்கியதா?

நேற்று போனில் நான் கத்த, நீங்கள் "ஆங்? ஆங்?" என்று கேட்க, ஆஸ்பத்திரி வராந்தாவே திரும்பிப் பார்த்தது. உங்கள் பேத்தியின் எடை அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது, உங்களைத் தவிர. அதனால் எழுதிவிடுகிறேன். பிறந்தபோது ஆயிரத்து நூற்று ஐம்பது கிராம். ஒன்பது நாளில் ஆயிரத்து எண்பதாக இறங்கியிருக்கிறது. ஏழு மாதத்தில் அவசரப்பட்டு வந்த குழந்தைகளுக்கு முதலில் இறங்கித்தான் ஏறுமாம். மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் ரூமில் உட்கார்ந்து நான் பிழிந்து கொடுக்கிறேன். அதில் மூன்று மில்லி உள்ளே போகிறது. இன்னும் பெயர் வைக்கவில்லை. காலில் கட்டிய பட்டையில் 'அனுஷா பேபி' என்று எழுதியிருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது அப்பா. வாசலில் இருக்கும் செக்யூரிட்டி "ஹொரகடெ நில்ரீ, ஹொரகடெ" என்று ஆட்டை விரட்டுவதுபோல வெளியே விரட்டுகிறான். மாமியார் பால் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்கிறார். தினேஷ் பீன்யா தொழிற்பேட்டையில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, கண்ணாடிக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அப்படியே வீட்டுக்குப் போகிறார். யாரிடம் கத்துவது? உங்களிடம்தான் கத்த முடியும். கடிதத்தில் கத்தினால் உங்களுக்கும் கேட்கும்.

மமதா என்று ஒரு நர்ஸ் இருக்கிறாள். கோலார் பக்கத்துப் பெண். தமிழ் நன்றாகப் பேசுகிறாள். "அக்கா, இன்னிக்கு உங்க பொண்ணு கொட்டாவி விட்டா" என்று ஓடி வந்து சொல்வாள். அவளுக்காகத்தான் மற்றவர்களைப் பொறுத்துக்கொள்கிறேன்.

முடிந்தால் வாருங்கள். எந்தப் பேப்பர் வந்தாலும் "அட்டெண்டர் எல்லி?", கூட இருப்பவர் எங்கே, என்று கேட்கிறார்கள். பெற்றவள் எதிரில் நிற்கிறேன். கையெழுத்துப் போட ஓர் ஆண்பிள்ளை வேண்டுமாம்.

உங்கள் மகள்
அனுஷா


ஜோலார்பேட்டை
16 பிப்ரவரி 2024

சௌபாக்கியவதி அனுஷாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

இங்கு எங்கள் இருவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. அத்தை முட்டிவலியை மறந்துவிட்டு, பேத்திக்குப் பழைய வேட்டியைக் கிழித்துத் துணி தைத்துக்கொண்டிருக்கிறாள். மாப்பிள்ளையையும் உன் மாமியாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதம் மூன்றாம் நாளே கிடைத்தது. பின்கோடு ஒழுங்காக எழுதியிருந்தாய். முப்பத்துநாலு வருஷம் ஆர்.எம்.எஸ்.ஸில், ரயிலில் தபால் பிரித்தவன் மகள் என்பது அதில் மட்டும் தெரிகிறது. மற்றபடி அந்தக் கோபம் உன் அம்மாவுடையது. செக்யூரிட்டியிடம் சண்டை போடாதே. அவனும் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டு நிற்பவன்தான்.

உன் அம்மா இருந்திருந்தால் முதல் நாளே வந்து உட்கார்ந்திருப்பாள். அவள் இடத்தில் நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆனால் வருகிறேன். 24ஆம் தேதி காலை வண்டி. டிஸ்சார்ஜ் ஆகும் வரை இருந்து, உங்கள் இருவரையும் கையோடு இங்கே அழைத்து வருவேன். பேப்பர், பில், கையெழுத்து எல்லாம் என் பொறுப்பு. நீ குழந்தையை மட்டும் பார்.

அன்புடன்
அப்பா பாலசுப்ரமணியன்


ஸ்ரீராம்புரம்
9 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊரிலிருந்து வந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. நானும் சௌம்யாவும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அப்படி எழுத முடியவில்லை. உங்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா?

மார்ச்சில் டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே உங்கள் வீட்டுக்கு வந்தோம். மூன்று மாதம் அத்தை கையால் சாப்பிட்டேன். ஒரு கிலோ எழுநூறில் வந்தவள் நாலு கிலோவைத் தொட்டாள். அங்கே இருந்தபோதே எனக்கு ஒன்று உறுத்தியது. சௌம்யா என் முகத்தைப் பார்ப்பதில்லை. குரல் கொடுத்தால் குரல் வந்த பக்கம் திரும்புகிறாள். குரல் கொடுக்காமல் குனிந்தால் அவளுக்கு நான் இல்லை. "குறைமாசக் குழந்தை, மெதுவாத்தான் பார்க்கும்" என்று அத்தை சொன்னார். நானும் நம்பினேன்.

நேற்று தினேஷ் போனில் போட்டோ எடுத்தார். ஒரு கண் எல்லோருக்கும் வருவதுபோல் சிவப்பாக வந்திருக்கிறது. வலது கண் வெள்ளையாக மின்னுகிறது. ஐந்து தடவை எடுத்துப் பார்த்தோம். ஐந்திலும் அப்படியே. புதன்கிழமை கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்.

டிஸ்சார்ஜ் பேப்பரை எடுத்துப் பார்த்தேன். மூன்று பக்கம் என்று அச்சாகியிருக்கிறது. என்னிடம் இரண்டுதான் இருக்கிறது. மூன்றாவது உங்கள் பெட்டியில் தங்கிவிட்டதா, பாருங்கள். அன்றைக்கு வேறு ஏதாவது சொன்னார்களா அப்பா? "எடையை மட்டும் அங்கேயே திருப்பத்தூர்ல பார்த்துக்கச் சொல்லிட்டாங்க" என்று நீங்கள் வந்து சொன்னது நினைவிருக்கிறது. அவ்வளவுதானா?

உடனே பதில் போடுங்கள்.

அனுஷா


ஜோலார்பேட்டை
17 ஜூன் 2024

அன்பு மகள் அனுஷாவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரை போடுகிறேன். அத்தை குழந்தையை நினைத்து இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இங்கே நல்ல மழை. பின்பக்கச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பீர்கள். போகாமல் இருந்தால் இதைப் படித்த நிமிஷமே கிளம்பு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை, மாமியார் நாள் பார்க்கிறார் என்று நிற்காதே. பெரிய டாக்டரிடமே காட்டு. என்ன சொன்னார்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

பெட்டியைப் பார்க்கிறேன்.

அப்பா


ஸ்ரீராம்புரம்
21 ஜூன் 2024

அப்பாவுக்கு,

உங்கள் சுகத்துக்கும் அத்தையின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். இந்த வீட்டில் சுகம் என்ற பேச்சே இப்போது இல்லை.

சௌம்யாவின் வலது கண் போய்விட்டது. இனி அதில் எதுவும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இடது கண்ணில் ஆபரேஷன் செய்தால் வெளிச்சமும் உருவமும் தெரியலாம். தெரியாமலும் போகலாம்.

எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளே ரத்தக்குழாய் முழுதாக வளர்ந்திருக்காதாம். பிறந்த பிறகு அது தாறுமாறாக வளருமாம். அதனால் நாலாவது வாரத்திலிருந்து டாக்டர் அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். தப்பாக வளர்ந்தால் உடனே லேசர் வைத்து நிறுத்திவிடலாம். பெரும்பாலான குழந்தைகள் அதிலேயே பிழைத்துக்கொள்கின்றன. டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "மார்ச் ஒண்ணாம் தேதி எங்க டாக்டர் அங்க போய் முதல் செக்கப் பண்ணியிருக்கார். அதுக்கப்புறம் ஏம்மா வரலை?" என்று கேட்டார். என்னிடம், பெற்றவளிடம், கேட்கிறார். முதல் செக்கப் நடந்ததே எனக்குத் தெரியாது. பால் ரூமில் உட்கார்ந்திருந்திருப்பேன்.

ஒருத்தரும் சொல்லவில்லை அப்பா! ஐந்து வாரம் அந்த வராந்தாவில் தவம் கிடந்தேன். கை கழுவுவது எப்படி, கங்காரு மாதிரி மார்போடு அணைத்துக்கொள்வது எப்படி என்று நூறு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். 'இந்தத் தேதியில் வராவிட்டால் உன் மகள் குருடாவாள்' என்ற ஒரு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. டிஸ்சார்ஜ் அன்று டியூட்டியில் இருந்தவள் மமதா. கொட்டாவி விட்டதை ஓடி வந்து சொன்னவள் இதை ஏன் விழுங்கினாள்? அவளை அக்கா தங்கை போல நினைத்தேனே, என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

புகார் எழுதிவிட்டேன். நாளைக்குக் கொடுக்கப் போகிறேன். அன்று பேப்பர் வாங்கியது நீங்கள். 'கண் பரிசோதனை பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை' என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். மூன்றாவது பக்கம் கிடைத்ததா? அதை அவர்கள் கொடுக்கவே இல்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

அனுஷா


ஜோலார்பேட்டை
5 ஜூலை 2024

என் மகளுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. நாலு நாள் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. குழந்தைக்கு ஆபரேஷன் தேதி குறித்தாகிவிட்டதா? மயக்க மருந்து தாங்குவாளா?

நீ கேட்டதைப் பற்றி யோசித்தேன். அன்று யார் என்ன சொன்னார்கள், என் காதுக்கு எது எட்டும் எது எட்டாது என்பது உனக்கே தெரியும். புகாரெல்லாம் வேண்டாம் அம்மா. அந்த மமதா சின்னப் பெண். அவள் வயிற்றில் அடித்து நமக்கு என்ன ஆகப் போகிறது? போன கண் திரும்பி வருமா? இருக்கிற கண்ணைப் பார்ப்போம்.

அத்தை விபூதி அனுப்பச் சொன்னாள். உள்ளே மடித்து வைத்திருக்கிறேன்.

அப்பா


ஸ்ரீராம்புரம்
10 ஜூலை 2024

அப்பாவுக்கு,

காய்ச்சல் விட்டதில் சந்தோஷம். விபூதி வந்தது. நான் கேட்ட தாள் வரவில்லை.

ஆபரேஷன் 4ஆம் தேதி முடிந்தது. நீங்கள் காய்ச்சலில் கிடந்து யோசித்துக்கொண்டிருந்தபோது, நான் தியேட்டர் வாசலில் மூன்று மணி நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன். இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது என்கிறார்கள். டார்ச் அடித்தால் இமை சுருங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு தினேஷ் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். பக்கத்து வீட்டம்மா பார்க்க வந்து, "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்று ஏதோ சொல்லத் தொடங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். பழமொழிக்கு என் மகள் முகம் தெரியாது.

இனி வாரா வாரம் இடது கண்ணைப் பார்க்க வேண்டும். துணியில் இறுகச் சுற்றிக்கொண்டு, ஒருவர் தலையை அசையாமல் பிடிக்க வேண்டும். இமையை விரிக்க ஒரு கம்பி மாட்டுகிறார்கள். நேற்று பிடிக்கப் போன தினேஷ் பாதியில் வெளியே ஓடிவிட்டார். நான்தான் பிடித்தேன்.

உங்களுக்கு மட்டும் எப்படி இவ்வளவு பெருந்தன்மை வருகிறது? 'சின்னப் பெண், வயிற்றில் அடிக்காதே.' என் மகள் அவளைவிடச் சின்னவள் இல்லையா? உங்கள் காதுக்கு எட்டாது என்பது எனக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், தெரியும். அதைத்தான் புகாரில் சேர்த்து எழுதியிருக்கிறேன். காது கேட்காத ஒரு வயதானவரிடம் வாயால் எதையோ முணுமுணுத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கடமை முடிந்தது என்று போனாளாம்!

மமதாவை டியூட்டியிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போன ஞாயிறு வீட்டு வாசலுக்கே வந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம். நான் சொன்னேன் அக்கா. தேவர் மேல ஆணெ" என்று கடவுள் மேல் சத்தியம் செய்தாள். தெருவே பார்க்க, "பொய் சொல்ற வாய் புழுத்துப் போகும், போடி" என்று கத்திக் கதவை அடைத்தேன். எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை.

26ஆம் தேதி விசாரணை. நீங்கள் நேரில் வர வேண்டாம். அந்தத் தாள் வந்தால் போதும்.

அனுஷா


(அஞ்சலட்டை)
20 ஜூலை 2024

அப்பா, நலம்தானே? பத்து நாளாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அத்தை போனை எடுத்து, "அப்பா படுத்துட்டு இருக்காரும்மா" என்றே சொல்கிறார். உங்கள் வாயில் என்ன கொழுக்கட்டையா? விசாரணைக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது. தாளை அனுப்புங்கள்.
— அனுஷா


ஸ்ரீராம்புரம்
27 ஜூலை 2024

திரு. பாலசுப்ரமணியன் அவர்களுக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை.

நேற்று விசாரணை நடந்தது. நீளமான மேஜை. அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள், இந்தப் பக்கம் நானும் தினேஷும். ஓரத்து நாற்காலியில் மமதா. நான் எழுந்து நின்று பேசினேன். நன்றாகப் பேசினேன். "எங்க அப்பாவுக்குக் காது கேட்காது சார். மிஷின் மாட்டினாலும் அரைகுறைதான். அவர்கிட்ட வாயால சொன்னேன்னு சொல்றதுக்கு இவங்களுக்கு வெட்கமா இல்லையா?" என்று கேட்டேன். பெரிய டாக்டர் தலையை ஆட்டினார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மமதா எழுந்தாள். "தாத்தாவுக்குக் கேட்காதுன்னு எனக்கும் தெரியும் சார். அதனாலதான் எழுதிக் காட்டினேன். எனக்குத் தமிழ் எழுத வராது. ஆயா டீனா அக்காவை எழுத வச்சேன். ஃபைலோட பின் அட்டையில ஒட்டி வச்சிருக்கேன், பாருங்க" என்றாள்.

பழைய ஃபைலை ரெக்கார்டு ரூமிலிருந்து கொண்டுவர அரை மணி ஆனது. தாள் இருந்தது. மேலே கோணல் மாணலாக டீனாவின் எழுத்து: 'மார்ச் 15 வெள்ளி. கண் டாக்டரிடம் கட்டாயம் காட்டணும். விட்டால் பாப்பா கண் போயிடும். அம்மாகிட்ட சொல்லுங்க.'

அதற்குக் கீழே உங்கள் எழுத்து.

'புரிந்தது. 15ஆம் தேதி தவறாமல் அழைத்து வருகிறோம். குழந்தையின் தாயிடம் நானே சொல்லிவிடுகிறேன். எஸ். பாலசுப்ரமணியன், ஆர்.எம்.எஸ். (ஓய்வு).'

"இது யார் கையெழுத்தும்மா?" என்று பெரிய டாக்டர் கேட்டார். எனக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்த கை அது. போன மாதம் வரை 'அன்பு மகள்' என்று எழுதிய கை. மை கூட அதே நீல மை. "எங்க அப்பாவோடதுதான் சார்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன். தினேஷ் என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

மமதாவிடம் வெளியே போய் மன்னிப்புக் கேட்டேன். 'பரவாயில்லை அக்கா' என்று சொல்லியிருந்தால் அங்கேயே செத்திருப்பேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. "நீங்க அன்னிக்குப் பத்து அடி தள்ளிப் பால் ரூம்லதான் இருந்தீங்க. உங்ககிட்டயும் வந்து சொல்லியிருக்கணும். ஃபார்ம்ல 'அட்டெண்டர் சைன்'னு இருந்துச்சு, வாங்கிட்டேன். ஆனா தெருவுல வச்சு என்னைச் சொன்னீங்களே, அதை நான் மறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. பத்து அடி நடக்காத கோபம். பெற்றவளை விட்டுவிட்டு ஆண்பிள்ளையைத் தேடுகிற அந்த ஃபார்ம் மேல் அதைவிடக் கோபம் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அதெல்லாம் என் கணக்கு.

நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். ஏன்? காய்ச்சல், மழை, சுவரில் ஈரம் என்று எழுதினால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவேன்.

அனுஷா


ஜோலார்பேட்டை
2 ஆகஸ்ட் 2024

அனுஷாவுக்கு,

எந்த முகத்தோடு ஆசீர்வாதம் என்று எழுதுவது? எழுதவில்லை.

மார்ச் ஒன்றாம் தேதி நீ பால் ரூமில் இருந்தாய். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தேன். ஒரு டாக்டர் வந்து குழந்தையைத் துணியில் சுற்றச் சொன்னார். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டார். கம்பி ஒன்றை வைத்து இமையைப் பிளந்தார். இன்னொரு கம்பியால் கண்ணுக்குள் அழுத்தினார். குழந்தையின் வாய் முழுதாகத் திறந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம், இந்தக் காதோடு, எனக்குச் சத்தமே வரவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு அது மூடிக்கொண்டது. உதடு நீலமாகிவிட்டது. நர்ஸ் ஒருத்தி உள்ளங்காலைச் சுண்டிக்கொண்டே இருந்தாள். எத்தனை நேரம் என்று தெரியாது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை கூடச் சேர்த்துவிட்டேன். அப்புறம் காலை உதைத்தாள்.

"இப்போதைக்குப் பயமில்லை, திரும்பப் பார்க்கணும்" என்று எழுதிக் காட்டினார்கள். பயமில்லை என்றால் எதற்குத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன். மறுபடி அப்படிச் செய்தால் பிழைக்க மாட்டாள் என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. உன்னிடம் சொன்னால் நீ கூட்டிப்போவாய். அதனால்தான் சொல்லவில்லை. அந்தத் தாளில் 'அழைத்து வருகிறோம்' என்று எழுதியபோதே வரமாட்டோம் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது பக்கத்தில் கண் பரிசோதனைத் தேதி அச்சாகியிருந்தது. மறுநாள் ரயிலில், குப்பம் ஸ்டேஷன் தாண்டியதும், நீ குழந்தையோடு கண்ணயர்ந்த நேரம், நாலாகக் கிழித்து ஜன்னல் வழியே விட்டேன். முப்பத்துநாலு வருஷ சர்வீஸில் ஒரு தபாலைக்கூடத் தவறவிட்டதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டவன் நான்.

இன்னும் இருக்கிறது. ஃபார்மில் என் போன் நம்பர்தான் கொடுத்திருந்தேன். மார்ச் 16, 18, 21 என்று மூன்று தடவை ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். நீ பக்கத்து அறையில்தான் இருந்தாய். "கேட்கல, கேட்கல" என்று சொல்லி வைத்துவிட்டேன். காது கேட்காதது அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது. நீ புகார் எழுதுகிறேன் என்றபோதும் அந்த வசதியைத்தான் உனக்கு எழுதினேன். அந்தப் பெண்ணின் வேலை போகட்டும் என்று பேசாமல் இருந்தேன் என்பதுதான் உண்மை. வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எப்படிச் சொன்னாலும் அதுதான் வருகிறது.

ஆஸ்பத்திரிக்கு இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மமதாவுக்கும் தனியாக ஒன்று.

குழந்தைக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் அனுஷா. என்னை மன்னிக்க முடியுமானால் மன்னித்துவிடு.

அப்பா


ஸ்ரீராம்புரம்
8 ஆகஸ்ட் 2024

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். தினேஷுக்கும் படித்துக் காட்டினேன். உதடு நீலமானது என்ற இடத்தில் அவர் எழுந்து போய்விட்டார். கம்பியைப் பார்த்துவிட்டு ஓடியவர் ஆயிற்றே, அவருக்கு உங்களைப் புரிந்திருக்கும். எனக்கும் புரிகிறது. புரிவதால் கோபம் குறையும் என்று யார் சொன்னது?

குழந்தைக்கு வலிக்கக் கூடாது என்று நினைத்தீர்களாம். இல்லை அப்பா. குழந்தைக்கு வலிப்பதை நீங்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தீர்கள். அவள் அழுது முடித்துப் பால் குடித்துத் தூங்கியிருப்பாள். தாங்க முடியாதவர் நீங்கள்தான். அதற்கு அவள் கண்ணை எடுத்துக்கொண்டீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். அது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. அதனாலேயே சொல்லவில்லை என்று எழுதவும் செய்திருக்கிறீர்கள். அந்த வரியை என்னால் தாண்டவே முடியவில்லை.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இல்லை. நாளைக்கு வருமா என்றும் தெரியாது. அவள் வளர்ந்து பெரியவளாகி, கேட்டு, அவளாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை நீங்கள் இருக்க வேண்டும். மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள்.

நேற்றைய செக்கப்பில் இடது கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். மஞ்சள் துணியை முகத்துக்கு நேரே ஆட்டினால் தலையைத் திருப்புகிறாள். ஆனால் இன்னும் ஆறு மாதமாவது விடாமல் பார்க்க வேண்டும். ஒரு வாரம் தவறினாலும் அதுவும் போகலாம்.

அவள் தலையை இதுவரை ஐந்து தடவை நானே பிடித்திருக்கிறேன். கம்பியை மாட்டும்போது என் விரலுக்குள் அவள் கன்னம் துடிக்கும். அந்த இரண்டு நிமிஷமும் நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அசைந்தால் டாக்டரின் கை தவறும். அதனால் அழக்கூட முடியாது. வெளியே வந்த பிறகு வராந்தா சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நிற்பேன். யாரும் தண்ணீர் கூடக் கொடுப்பதில்லை.

14ஆம் தேதி புதன்கிழமை அடுத்த செக்கப். நீங்கள் வர வேண்டும். விபூதியும் பழமும் எடுத்துக்கொண்டு பார்க்க வருகிறவராக வர வேண்டாம். அன்றைக்கு அவள் தலையை நீங்கள்தான் பிடிக்கப் போகிறீர்கள். அதற்கு அடுத்த புதனும், அதற்கு அடுத்ததும். நான் காலைப் பிடித்துக்கொள்கிறேன். முகத்தைத் திருப்பக் கூடாது. டாக்டர் போதும் என்று சொல்லும்வரை கையை எடுக்கக் கூடாது.

எட்டரை மணிக்கு ஆஸ்பத்திரி கேட்டில் நிற்பேன். ஒன்பது மணிக்கு உள்ளே போய்விடுவேன்.

அனுஷா